ஐந்தாம் அடுக்குக்கு விழுந்த கிளப்: முதல் பவுண்டை எங்கே போடுவது? (ஓல்டாமை வைத்து ஒரு கணக்கு)

மேட்டுத்தெரு மிட்ஃபீல்டர்:

1992-ல் பிரீமியர் லீக் தொடங்கியபோது இருந்த 22 இங்கிலாந்து கிளப்களில் ஓல்டாம் அத்லெட்டிக்கும் ஒன்று. 1994-ல் அங்கிருந்து இறங்கினார்கள். 1997-ல் மூன்றாம் அடுக்கு, 2018-ல் நான்காம் அடுக்கான லீக் டூ, 2022-ல் அதையும் விட்டு ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக். பிரீமியர் லீக் ஆடிய கிளப் ஒன்று ஐந்தாம் அடுக்குக்குப் போனது அதுதான் முதல் தடவை. மூன்று சீசன் அங்கே கிடந்துவிட்டு, 2025 ஜூன் 1 அன்று வெம்ப்ளியில் சவுத்எண்டை எக்ஸ்ட்ரா டைமில் 3-2 என்று வென்று மேலே வந்தார்கள்.

அவர்கள் தப்பித்த கிணற்றில் கூட்டம் குறையவில்லை. 2025-26 நேஷனல் லீக் பட்டியலைப் பாருங்கள்: கார்லைல், ராச்டேல், ஸ்கன்தார்ப், சவுத்எண்ட், ஹார்ட்லிபூல், யார்க், மோர்கம்ப். எல்லாமே ஒரு காலத்தில் லீக் கிளப்கள், அதாவது மேல் நான்கு அடுக்கில் ஆடியவை. ஸ்கன்தார்ப் 2011 வரை இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் இருந்த அணி.

இங்கே விவாதிக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இப்படி ஒரு கிளப் கைக்கு வருகிறது என்று வையுங்கள். சராசரி 4,000 பேர் கூட்டம், பழைய ஸ்டேடியம், பாதிக்கு மேல் ஒப்பந்தம் முடிந்த அணி. முதல் பணம் எங்கே போக வேண்டும், எந்த வரிசையில்? "நல்ல மேனேஜர் வேணும்", "ரசிகர்களை மதிக்கணும்" போன்ற பதில்கள் வேண்டாம். தேதி, தொகை, எங்கே உடையும் என்று சொல்லுங்கள்.


ஒண்டி ஸ்ட்ரைக்கர்:

20 கோல் அடிக்கிற ஒருத்தனைப் பிடிங்க. இந்த விவாத இழையைப் பூட்டிடலாம்.


நாலாவது ரெஃப்ரி:

ஸ்ட்ரைக்கரைப் பிடிப்பதற்கு முன்னால், அவன் கோல் அடிக்கப் போகும் மண் யாருடையது என்று பாருங்கள்.

இங்கிலாந்தில் நிலப் பதிவேட்டில் ஒரு மனையின் உரிமைப் பதிவை எடுக்க 7 பவுண்ட் கட்டணம். கிளப்பை வாங்கப் போகிறவர் செலவழிக்க வேண்டிய முதல் பணம் அதுதான். அடுத்தது கம்பெனிப் பதிவகத்தில் அந்தக் கிளப்பின் பெயரில் இருக்கும் அடமானப் பதிவுகள். அதைப் பார்க்கக் காசு இல்லை. யாரிடம் எதை ஈடு வைத்திருக்கிறார்கள், தீர்ந்ததா தீரவில்லையா என்று அங்கேயே தெரியும்.

குத்தகை மைதானம் என்றால் ஆண்டு வாடகை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டக் கூடாது. எத்தனை வருடம் மீதி, கூரை ஒழுகினால் யார் செலவு, பார் விற்பனையும் கார் நிறுத்தக் காசும் யாருக்கு, ஆட்டம் இல்லாத நாளில் அரங்கை வாடகைக்கு விட உரிமை யாருக்கு. கடைசி இரண்டும் நிலச் சொந்தக்காரருக்குப் போனால் வருடத்தில் வீட்டு ஆட்டம் நடக்கும் 23 நாள் மட்டும் திறக்கும் கடையை நடத்துகிறீர்கள் என்று பொருள்.

ஓல்டாமின் நோயே அதுதான். கிளப் ஒருவர் கையில், பவுண்டரி பார்க் மைதானம் வேறொருவர் கையில். இரண்டு தரப்பும் வாடகைக்கும் பராமரிப்புக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 2022 கோடையில் ஃபிராங்க் ராத்வெல் வந்தபோது கிளப்பையும் மைதானத்தையும் சேர்த்தே வாங்கினார். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

எதிர் உதாரணம் பக்கத்து ஊரான பரி. மைதானத்தை அடகு வைத்துக் கடன், கார் நிறுத்தும் இடங்களைக்கூட முதலீட்டாளர்களுக்குத் துண்டு துண்டாக விற்றார்கள். 2018 டிசம்பரில் கிளப் கைமாறிய விலை 1 பவுண்ட். அந்த சீசனில் லீக் டூ-வில் இரண்டாம் இடம் வந்து மேலே ஏறினார்கள். 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக்கை விட்டே நீக்கினார்கள். ஆடுகளத்தில் ஜெயித்துக்கொண்டே ஒரு கிளப் சாகலாம்.


பருத்தித்துறை விங்கர்:

அண்ணை, நிலம் முக்கியம் எண்டதை ஒருத்தரும் மறுக்கேல்லை. ஆனா உங்கட உதாரணத்தையே எடுங்கோ. 2022-ல நிலமும் கழகமும் ஒரே கையில வந்தாச்சு. அந்த சீசன் ஓல்டாம் 12-ஆம் இடம். அடுத்த சீசன் 10-ஆம் இடம். நிலம் கோல் அடிக்காது.

மாறினது எப்ப? 2023 ஒக்ரோபர்ல மிக்கி மெலனைக் கொண்டுவந்த பிறகு. அந்தாள் 2012-ல ஃபிளீட்வூட்டை இதே லீக்கில இருந்து மேல ஏத்தினவர், 2018-ல டிரான்மியரை ஏத்தினவர். பேர் பெற்ற மனேஜர் எண்டு பாக்கிறதில பிரயோசனம் இல்லை, இந்த லீக்கை விட்டு வெளிய வரத் தெரிஞ்சவர் எண்டுதான் பாக்க வேணும். இதே ஓல்டாம் 2019-ல போல் ஸ்கோல்ஸை மனேஜராக் கூட்டிக்கொண்டு வந்தது. 7 ஆட்டம், 31 நாள். பெரிய பேர் டிக்கெட் விக்கும், சனிக்கிழமை பின்னேரம் லோங் த்ரோவைத் தலையால வெட்டாது.

ஆட்களைச் சேர்க்கிற விசயத்துக்கு வாறன். ஒப்பந்தங்கள் ஜூன் 30-ல முடியும். லீக் கழகங்கள் யாரை வைச்சிருக்கினம், யாரை விடுகினம் எண்டதை மே மாதம் மூன்றாம் சனிக்கிழமைக்குள்ள ஆட்டக்காரருக்குச் சொல்லியாக வேணும். அண்டைக்கு லீக் டூ கழகங்கள் விடுகிற ஆட்கள்தான் ஐந்தாம் அடுக்குக்காரனுக்குச் சந்தை. அந்தப் பட்டியல் வந்த பிறகு வீடியோ பாக்கத் தொடங்கிற கழகம் ஏற்கெனவே தோத்துப் போச்சு. ஜனவரியிலயே ஒவ்வொரு இடத்துக்கும் மூண்டு பேர் எழுதி வைச்சிருக்க வேணும்: முதல் தெரிவு, ரெண்டாவது, முதல் ரெண்டும் சம்பளம் கூடக் கேட்டா மூண்டாவது.

வயசு விசயமும் இருக்கு. 24 வயசுக்குக் கீழ உள்ளவருக்கு லீக் கழகம் பழைய சம்பளத்துக்குக் குறையாமப் புது ஒப்பந்தம் எழுத்தில குடுத்திருந்தா, அவர் வேற இடம் போகேக்க இழப்பீடு கேக்கலாம். அதால "ஃப்ரீ" எண்டு நினைச்ச பொடியன் ஃப்ரீயா இருக்கமாட்டான். 24-க்கு மேல எண்டா பிரச்சினை இல்லை. அதாலதான் 24-இலிருந்து 27 வரை உள்ள, லீக் டூ-வில 60, 70 ஆட்டம் ஆடி வெளிய வந்தவங்கள் தங்கம்.


ரசீதுப்புத்தகம்:

மிட்ஃபீல்டர் சொன்ன 4,000 பேரை வைத்தே கணக்குப் போடுவோம். கீழே இருப்பது மாதிரிக் கணக்கு, எந்தக் கிளப்பின் புத்தகமும் இல்லை.

டிக்கெட் சராசரி 15 பவுண்ட், வீட்டு ஆட்டம் 23. பெருக்கினால் 13 லட்சத்து 80 ஆயிரம். இங்கேதான் முதல் தப்பு நடக்கும். நுழைவுச் சீட்டுக்கு 20% வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. 15-ல் கிளப்புக்கு நிற்பது 12.50 மட்டும். அப்போது கையில் 11 லட்சத்து 50 ஆயிரம்.

இப்போது சம்பளம். 22 பேர், வாரம் 1,000 பவுண்ட், 52 வாரம்: 11 லட்சத்து 44 ஆயிரம். "அட, சரியாப் போச்சே" என்று தோன்றும். முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் பங்கு 2025 ஏப்ரலிலிருந்து 15%, அதுவும் ஆளுக்கு வருடம் 5,000 பவுண்டுக்கு மேல் உள்ள சம்பளம் முழுக்க. ஒரு ஆளுக்கு 47,000-ல் 15% என்றால் 7,050. 22 பேருக்கு 1 லட்சத்து 55 ஆயிரம் சொச்சம். மொத்தம் 13 லட்சத்தைத் தொடும். வாசல் வருமானம் முழுவதையும் கொடுத்தும் ஒன்றரை லட்சம் துண்டு விழுகிறது. இன்னும் மேனேஜர், பிசியோ, பஸ், ஏஜென்ட், ஸ்டீவர்ட், போலீஸ், இன்ஷூரன்ஸ், கரண்ட் பில் எதுவும் எழுதவில்லை.

லீக் டூ-வில் ஆட்டக்காரர் சம்பளம் வருமானத்தில் 50%-க்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு சும்மா வைக்கவில்லை. ஆனால் அதிலும் ஓட்டை உண்டு: உரிமையாளர் கையிலிருந்து திருப்பித் தர வேண்டாத பணமாகப் போட்டால் அதையும் வருமானமாகக் காட்டலாம். 2020 ஆகஸ்டில் லீக் டூ-வுக்கு 15 லட்சம் பவுண்ட் என்று நேரடி உச்சவரம்பே கொண்டுவந்தார்கள். ஆட்டக்காரர் சங்கம் எதிர்த்தது, 2021 பிப்ரவரியில் நடுவர் குழு ரத்து செய்துவிட்டது.

விழுந்த கிளப்புக்கு இன்னொரு பொறி: லீக்கிலிருந்து வரும் பொதுப் பங்கு நின்றுபோய், கொஞ்ச காலத்துக்குத் தேய்ந்துகொண்டே போகும் ஒரு தொகைதான் வரும். ஒப்பந்தத்தில் "இறங்கினால் சம்பளம் இத்தனை சதவீதம் குறையும்" என்ற வரி இல்லாவிட்டால், லீக் டூ சம்பளத்தை ஐந்தாம் அடுக்கு வருமானத்தில் கொடுப்பீர்கள். அந்த வரியை ஆகஸ்டில் கேட்டால் ஏஜென்ட் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார். பிப்ரவரியில் 22-ஆம் இடத்தில் இருந்துகொண்டு கேட்டால் போனையே எடுக்கமாட்டார்.


ஒண்டி ஸ்ட்ரைக்கர்:

சரி, 10 கோல் அடிக்கிறவன்.


நாலாவது ரெஃப்ரி:

ரசீது, வருமான வரித்துறைப் பாக்கியையும் எழுதிவிடுங்கள். கிளப்கள் அங்கேதான் சாகின்றன.


ரசீதுப்புத்தகம்:

எழுதுகிறேன். ஆட்டக்காரர் சம்பளத்தில் பிடித்த வரியை மறுமாதம் 22-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அது கிளப்பின் பணம் இல்லை, பிடித்து வைத்திருக்கும் பணம். கோடையில் சீசன் டிக்கெட் காசு மொத்தமாக வந்து வங்கியில் நிற்கும். ஜூன், ஜூலையில் ஆட்டம் இல்லை, சம்பளம் மட்டும் போகும். நவம்பர் வாக்கில் கையிருப்பு வற்றும். அப்போது "இந்த மாச வரியை அடுத்த மாசம் கட்டலாம்" என்று ஒரு முறை தொடங்குவார்கள்.

அடுத்து, கம்பெனியையே கலைக்கச் சொல்லி வரித்துறை நீதிமன்றத்தில் போடும் கலைப்பு மனு. மனு அரசிதழில் விளம்பரமானவுடன் வங்கி கணக்கை முடக்கிவிடும், ஏனென்றால் மனுவுக்குப் பிறகு நடக்கும் பணப் பட்டுவாடா செல்லாது என்று நீதிமன்றம் சொல்லலாம். கணக்கு முடங்கினால் சனிக்கிழமை ஸ்டீவர்ட்டுக்குக் கூலி கொடுக்க முடியாது. ஸ்டீவர்ட் இல்லாவிட்டால் பாதுகாப்புச் சான்று இல்லை, வாசலைத் திறக்க முடியாது, வருமானம் இல்லை. முழுச் சங்கிலியும் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனால், அதாவது கடனைத் தீர்க்க முடியாமல் கிளப்பை வெளி நிர்வாகியிடம் ஒப்படைத்தால், லீக்கில் 12 புள்ளி வெட்டு. வெளியே வரும்போது ஆட்டக்காரருக்கும் மற்ற கிளப்களுக்கும் முழுப்பணம். மற்ற கடன்காரர்களுக்குப் பவுண்டுக்குக் குறைந்தது 25 பென்ஸ், இல்லையேல் மூன்று வருடத்தில் 35 பென்ஸ். அது முடியாவிட்டால் அடுத்த சீசனை மைனஸ் 15-ல் தொடங்க வேண்டும். 2020 டிசம்பரிலிருந்து வரித்துறைக்குச் சாதாரணக் கடன்காரர்களைவிட முன்னுரிமை. சாண்ட்விச் போட்டுத் தந்த உள்ளூர் கடைக்காரர்தான் வரிசையில் கடைசி.

லூட்டன் 2008-09-ஐ மைனஸ் 30-ல் தொடங்கி, லீக்கை விட்டு விழுந்தது. திரும்ப 5 வருடம் பிடித்தது.


புல்லுக்கட்டு:

எல்லாரும் பேசி முடித்த பிறகு யாராவது புல்லைப் பற்றிக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கப் போவதில்லை, நானே சொல்கிறேன்.

வாங்கிய முதல் மே மாதத்தில் பணம் போக வேண்டிய இடங்களில் பிட்ச் முதல் மூன்றுக்குள் வரும். 105 × 68 மீட்டர் என்றால் 7,140 சதுர மீட்டர். கடைசி வீட்டு ஆட்டம் ஏப்ரல் இறுதி அல்லது மே முதல் வாரம், ஜூலை நடுவில் நட்பு ஆட்டம். பத்து வாரம்தான் இருக்கிறது.

முதலில் கோரோ மாதிரியான இயந்திரத்தால் மேல் தோலைச் சீவி எடுக்க வேண்டும். ஆழமில்லாத வேருடன் தானாக முளைத்த ஆண்டுப் புல்லும், மக்கிய நாரும் அதோடு போகும். நீங்கள் டிவியில் பார்க்கும், ஸ்லைடிங் டேக்கிள் போட்டால் தோசை மாதிரி சுருண்டு வருகிற புல் அதுதான். பிறகு வெர்ட்டிடிரெய்ன் என்ற துளையிடும் இயந்திரம் கொண்டு 25 முதல் 30 செ.மீ. ஆழத்துக்குக் குத்தி, இறுகிய மண்ணை உடைக்க வேண்டும். அதன்மேல் 80 முதல் 100 டன் மணல். 100 டன் என்றால் கேட்கப் பெரிதாக இருக்கும், பரப்பினால் 9 மி.மீ. கனம்தான். அடுத்து பல்லாண்டு ரைகிராஸ் விதை, சதுர மீட்டருக்கு 35 கிராம், மொத்தம் சுமார் 250 கிலோ. வெறும் மேலே தூவினால் பறவைக்குத் தீனி. கீறல் போட்டு உள்ளே இறக்கும் இயந்திரம் வேண்டும், இரண்டு திசையில் குறுக்கும் நெடுக்குமாக. மண் சூடாக இருந்தால் ஒரு வாரத்தில் முளைக்கும். 5 செ.மீ. வளர்ந்ததும் நுனி மட்டும் வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, சீசனில் 25 முதல் 30 மி.மீ.

எங்கே கெடுக்கிறார்கள்? மணலில். விலை மலிவு என்று கட்டட மணல் இறக்கினால் அதில் உள்ள தூசு மண்ணின் துளைகளை அடைத்துச் சிமெண்ட் மாதிரி ஆக்கிவிடும். கழுவிய நடுத்தர சிலிக்கா மணல், ஏற்கெனவே கீழே இருப்பதோடு ஒத்துப்போகும் பருமனில் வேண்டும். அடுத்தது மே மாதக் கடைசியில் ஸ்பான்சர்களுக்கு "ஒரு ஜாலி மேட்ச்" என்று பிட்சைத் திறப்பது. ஜூனில் கச்சேரி வாடகை வருகிறது என்று முளைத்த விதைமேல் தளம் போடுவதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

சீசனுக்குள் கெடுப்பது வார்ம்-அப். கோல் வாசலில் இரண்டு கோல்கீப்பர்கள் ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் குதித்தால் நவம்பரில் அங்கே புல் இருக்காது. சக்கரம் வைத்த நகரும் கோல்போஸ்ட் இரண்டு வாங்கி, பெனால்டி பாக்ஸுக்கு வெளியே ஓரமாக வைத்துப் பயிற்சி செய்ய வைத்தால் போதும். மொத்தப் பிரச்சினையிலேயே மலிவான தீர்வு இதுதான், ஆனால் கோல்கீப்பர் கோச் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மழைக்குப் பிறகு ரோலர் உருட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்க்கச் சமமாக இருக்கும், அடுத்த மழைக்குக் குளமாகும்.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் நீர் தேங்கி ரத்தாகிச் செவ்வாய் இரவுக்குப் போனால் ஆயிரம் பேர் குறைவார்கள் என்று வையுங்கள். ரசீது கணக்கில் 12,500 பவுண்ட் போச்சு. சீசனுக்கு மூன்று ஆட்டம் அப்படிப் போனால் வடிகால் வேலையின் ஒரு பகுதி அந்தக் காசிலேயே முடிந்திருக்கும்.


ரசீதுப்புத்தகம்:

சின்னத் திருத்தம். வராத ஆயிரம் பேரில் சீசன் டிக்கெட்காரர்கள் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், அந்த 12.50 போகாது. போவது அன்றன்று வாங்குகிறவர்களின் டிக்கெட் காசு. ஆனால் இரண்டு வகையினரும் குடிக்காத பியரும் தின்னாத தின்பண்டமும் போகும். எதிரணி ரசிகர்கள் தொலைவு ஊர் என்றால் செவ்வாய் இரவு பாதிப் பேர்கூட வரமாட்டார்கள், அதுதான் பெரிய அடி.


மேட்டுத்தெரு மிட்ஃபீல்டர்:

புல்லுக்கட்டு, ஒரே போடாக செயற்கைப் புல் போட்டுவிட்டால்? நேஷனல் லீக்கில் அனுமதி உண்டே. மழைக்கு ரத்தும் இல்லை, வாரம் முழுக்க வாடகைக்கும் விடலாம்.


புல்லுக்கட்டு:

வாடகைக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. இயற்கைப் புல்லில் வாரம் ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் தாங்காது. செயற்கைத் தரையில் நாள் முழுக்க ஆடலாம், உள்ளூர் குழந்தைகள் அணிகள் எல்லாம் காசு கொடுத்து வரும். மெய்ட்ஸ்டோன் யுனைடெட் மாதிரி கிளப்கள் அதை வைத்தே நிமிர்ந்தன.

ஆனால் ஏறினால் என்ன செய்வீர்கள்? லீக் டூ-வில் செயற்கைத் தரைக்கு அனுமதி இல்லை. ஹாரோகேட் 2020-லும் சட்டன் 2021-லும் மேலே ஏறியபோது முதல் வேலையாகத் தரையைப் பெயர்த்துப் புல் போட வேண்டியிருந்தது. ஹாரோகேட் அந்த சீசனின் தொடக்கத்தில் வீட்டு ஆட்டத்தை டான்காஸ்டரில் ஆடியது. ஏறியதுக்குத் தண்டனை மாதிரி வாடகை வருமானமும் அன்றோடு நின்றது. சட்டன் 2024-ல் திரும்ப விழுந்தது.

வேடிக்கை என்னவென்றால் ஓல்டாமுக்கு இது புதிதில்லை. 1986-ல் பவுண்டரி பார்க்கில் பிளாஸ்டிக் தரை போட்டார்கள். 1991-ல் அன்றைய உச்ச அடுக்கான முதல் டிவிஷனுக்கு ஏறியபோது எடுத்துவிட்டுப் புல் போட்டார்கள். 35 வருடமாக இந்தக் கதை இப்படியேதான்.

என் கருத்து: மேலே ஏறும் நோக்கம் இருந்தால் பிரதான பிட்ச் புல், பயிற்சி இடத்தில் முழு அளவுச் செயற்கைத் தரை. இரண்டு வேலைக்கும் ஒரே தரையை நம்பினால் இரண்டும் கெடும்.


பருத்தித்துறை விங்கர்:

காசு உள்ள ஆள் வந்தா எல்லாம் சரியாகும் எண்டு நினைக்கிறவைக்கு கார்லைலைக் காட்டுங்கோ. 2023 நவம்பர்ல அமெரிக்கக் குடும்பம் ஒண்டு வாங்கினது, நேர்மையான ஆட்கள், காசும் போட்டவை. 2024-ல மூண்டாம் அடுக்கான லீக் வன்-இல இருந்து விழுந்தது, 2025-ல லீக் டூ-வில இருந்தும் விழுந்தது. கடைசி சீசனில மூண்டு மனேஜர். மூண்டு மனேஜர் எண்டா மூண்டு விதமான ஆட்டம், அதுக்கு மூண்டு விதமான ஆட்கள். முதலாமவர் எடுத்தவங்கள் ரெண்டாமவருக்குப் பொருந்தேல்லை, ஜனவரியில எடுத்தவங்கள் மூண்டாமவருக்குப் பொருந்தேல்லை.

ஆக, மனேஜரை மாத்தலாம், ஆட்டமுறையை மாத்தக் கூடாது. அதுக்கு ஆள் தெரிவு செய்கிற பொறுப்பு மனேஜரை விட நீண்டகாலம் இருக்கப் போற ஒருத்தரிட்ட இருக்க வேணும். ஒரு ஆளையும் ரெண்டு லப்டொப்பையும் வைச்சுக் கொண்டே இந்த அடுக்கில அதைச் செய்யலாம்.

கிராலியையும் பாருங்கோ. 2022-ல கிரிப்டோக்காரர் வாங்கிச்சினம், முதல் சீசன் கூத்து, 22-ஆம் இடம். அடுத்த சீசன் லீக்குக்கு வெளிய இருந்து மலிவாப் பொறுக்கின பொடியங்களை வைச்சு 7-ஆம் இடம், பிளே-ஓஃப் (ஏறுற கடைசி இடத்துக்கான நொக்-அவுட்), லீக் வன். அதுக்குப் பிறகு மனேஜரும் போனார், நல்ல ஆட்களும் போனாங்கள், ஒரே வருசத்தில கீழ. திறமையாத் தெரிவு செய்து ஏறினது உண்மை, ஆனா ஏறின பிறகு ஆரை விக்கலாம், ஆரை விக்கக் கூடாது எண்ட பட்டியல் இருக்கேல்லை.


அஞ்சாம் படிக்கட்டு:

ரசிகர்களே உரிமையாளர் ஆவது பற்றி யாரும் பேசவில்லையே? எக்ஸெட்டர் சிட்டி 2003-லிருந்து ரசிகர் டிரஸ்ட் கையில். ஐந்தாம் அடுக்கில் இருந்தபோது 2005 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் 0-0, ரீப்ளே (டிரா ஆனதால் மறு ஆட்டம்) தங்கள் மைதானத்தில். அந்த இரண்டு ஆட்டத்தின் காசு கடனைத் தூக்கிவிட்டது. 2008-ல் லீக்குக்குத் திரும்பினார்கள். அதன்பின் அகாடமியில் வளர்த்து விற்ற ஆட்டக்காரர்கள்: கிரைம்ஸ், அம்பாடு, வாட்கின்ஸ். வாட்கின்ஸை பிரென்ட்ஃபோர்டுக்கு விற்றபோது மறுவிற்பனையில் பங்கு என்று எழுதி வாங்கியிருந்தார்கள், அவர் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனபோது அந்தக் காசும் வந்தது. விற்கும் நாளில் விலையை விட இந்த ஒரு வரிக்குச் சண்டை போடலாம்.


நாலாவது ரெஃப்ரி:

எக்ஸெட்டர் அழகான உதாரணம், ஆனால் அந்த வாசல் இன்று பாதி மூடியிருக்கிறது. எஃப்ஏ கோப்பையின் பிரதானச் சுற்றுகளில் 2024-25 முதல் ரீப்ளே கிடையாது. பெரிய மைதானத்தில் டிரா செய்தால் அன்றே எக்ஸ்ட்ரா டைம், பிறகு பெனால்டிதான். வாசல் காசு இரண்டு கிளப்புக்கும் 45% என்று பிரிவது மட்டும் இருக்கிறது, இரண்டாவது ஆட்டம் இல்லை. கோப்பைக் காசை வரவு செலவுத் திட்டத்தில் எழுதுகிறவர் லாட்டரியை எழுதுகிறார்.

அகாடமியும் அப்படித்தான். 2012-ல் வந்த விதிப்படி 9 முதல் 11 வயது வரை வளர்த்த பையனைப் பெரிய கிளப் எடுத்தால் முதல் இழப்பீடு வருடத்துக்கு 3,000 பவுண்ட் என்று வைத்தார்கள். மூன்று வருடம் வளர்த்தால் 9,000, மீதி அவன் பெரிய அணியில் ஆடினால் பார்த்துக்கொள்ளலாம். பிரென்ட்ஃபோர்ட் 2016-ல் அகாடமியையே மூடிவிட்டு, மற்றவர் கழித்த 18, 19 வயதுப் பையன்களை வைத்து பி அணி நடத்தியது இந்தக் கணக்கால்தான். ஐந்தாம் அடுக்குக் கிளப்புக்கு எட்டு வயது வகுப்பு தேவையில்லை. 16-க்கு மேல், உள்ளூர் கல்லூரியோடு சேர்ந்து நடத்தினால் போதும்.

ரசிகர் உரிமைக்கு வருவோம். ரெக்ஸம் 2011-லிருந்து ரசிகர் கையில் இருந்தது. 2020-ல் இரண்டு நடிகர்கள் வந்தபோது வாக்களித்தவர்களில் 98.6% பேர் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். போர்ட்ஸ்மத் டிரஸ்ட் 2013-ல் கிளப்பைக் காப்பாற்றியது, 2017-ல் விற்றது. ரசிகர் டிரஸ்ட் கிளப்பைச் சாகவிடாது, அதில் சந்தேகமே இல்லை. மேலே தூக்கப் பணம் வேண்டும் என்னும்போது அதே டிரஸ்ட் உறுப்பினர்களே கையைத் தூக்கி விற்க வாக்களிக்கிறார்கள்.


அஞ்சாம் படிக்கட்டு:

விம்பிள்டன் கிளப்பை விட்டுவிட்டீர்கள். 2002-ல் பூஜ்யத்திலிருந்து தொடங்கி 2011-ல் லீக், 2020-ல் பிளவ் லேனில் சொந்த மைதானம். அதற்கு ரசிகர்கள் கிளப்பின் கடன் பத்திரம் வாங்கி 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். இன்னும் ரசிகர்கள் கையில்தான் இருக்கிறது, 2025-ல் பிளே-ஆஃபில் லீக் வன்னுக்கு ஏறியது. எல்லாரும் விற்கவில்லை.


நாலாவது ரெஃப்ரி:

சரி, அது என் பக்கம் விழுந்த கோல்.

அப்படியானால் நடுவழி ஒன்று சொல்கிறேன். கிளப்பைத் தனியார் நடத்தட்டும், மைதானத்தைப் பிரித்தெடுத்து டிரஸ்டோ நகராட்சியோ கையில் வைத்து, 99 வருடம் மாதிரி நீண்ட குத்தகை. இல்லையென்றால் குறைந்தபட்சம் மைதானத்தைச் சமூக மதிப்புள்ள சொத்து என்று நகராட்சியில் பதிவு செய்யுங்கள். பதிவு 5 வருடம் நிற்கும். விற்க முயன்றால் உள்ளூர்க் குழு 6 வாரத்துக்குள் கை தூக்கலாம், தூக்கினால் மொத்தம் 6 மாதம் விற்பனை நிற்கும். நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். விலையைக் குறைக்காது, உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

2025 ஜூலையில் சட்டமான கால்பந்து நிர்வாகச் சட்டம் மேல் ஐந்து அடுக்குக்கும் பொருந்தும், நேஷனல் லீக் உட்பட. மைதானத்தை விற்கவோ ஈடு வைக்கவோ ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஆறு வருடம் முன்னால் வந்திருந்தால் பரி இன்னும் லீக்கில் இருந்திருக்கலாம். ஐந்தாம் அடுக்கோடு நிற்பதுதான் குறை. ஆறாம் அடுக்குக்கு விழும் கிளப்புக்குத்தான் பாதுகாப்பு இன்னும் அதிகம் தேவை.


பருத்தித்துறை விங்கர்:

ஒரு விசயம் ஒருத்தரும் சொல்லேல்லை. இந்த லீக்கில நல்லா விளையாடினாலும் ஏறுறது கஷ்டம். வருசத்துக்கு ரெண்டே ரெண்டு இடம், ஒண்டு சம்பியனுக்கு, மற்றது பிளே-ஓஃபுக்கு. 2022-23-ல நொட்ஸ் கவுண்டி 107 புள்ளி எடுத்தும் ரெண்டாம் இடம். 2024-25-ல யோர்க் 96 புள்ளி எடுத்து பிளே-ஓஃபில ஓல்டாமிட்ட 3-0 எண்டு தோத்தது. ஓல்டாமின்ர புள்ளி 73. மூண்டு பேரை ஏத்துங்கோ எண்டு கழகங்கள் கேக்கிறது நியாயம்தான்.

அதால திட்டத்தை ஒரு சீசனுக்குப் போடாதேங்கோ. மூண்டு சீசனுக்குப் போட்டு, ஒவ்வொரு வருசமும் முதல் ஏழுக்குள்ள வரப் பாருங்கோ. ஒரே வருசத்தில எல்லாக் காசையும் கொட்டி ஏறாமப் போன கழகத்துக்கு அடுத்த மே மாதம் சம்பளம் குடுக்கக் காசிராது.


மேட்டுத்தெரு மிட்ஃபீல்டர்:

என் வரிசையை எழுதுகிறேன், வெட்டுங்கள். முதல் வாரம்: நிலப் பதிவு, அடமானம், வரித்துறை பாக்கி. முதல் மே: பிட்ச், கூடவே ஆள் தெரிவுக்கு ஒருவர். ஜூன்: சம்பள உச்சம் நிர்ணயம், எல்லா ஒப்பந்தத்திலும் இறங்கினால் குறையும் வரி. மேனேஜர் அதன்பின். ஸ்ட்ரைக்கர் கடைசியில்.


பருத்தித்துறை விங்கர்:

மனேஜர் ஜூன்ல வந்தா அந்தாளுக்குத் தெரியாத ஆட்களை வைச்சு ஜூலைல பயிற்சி தொடங்க வேணும். மனேஜரை மே மூன்றாம் சனிக்கு முன்னம் கொண்டுவாங்கோ.


புல்லுக்கட்டு:

பிட்ச் வேலையை மே மாதம் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். கோரோ இயந்திரம் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கு மே, ஜூன் முழுக்கக் கிறிஸ்துமஸுக்கு முன்பே நிரம்பிவிடும். இரண்டு தேதி கேட்டு வையுங்கள்: ஒன்று கடைசி லீக் ஆட்டத்துக்கு மறுநாள், இன்னொன்று பிளே-ஆஃப் வீட்டு ஆட்டம் வந்தால் அதற்கு மறுநாள். இரண்டாவது தேதியை நவம்பரில் 18-ஆம் இடத்தில் இருக்கும்போதும் கேட்டு வைக்கலாம், முன்பணம் கொடுக்காமல் பேசி வைக்கும் அளவுக்கு அவர்கள் பழகியவர்கள்தான்.


ஒண்டி ஸ்ட்ரைக்கர்:

நகரும் கோல்போஸ்ட் ரெண்டு என்ன விலை?


புல்லுக்கட்டு:

அலுமினியம், முழு அளவு 24 அடிக்கு 8 அடி, சக்கரம், பின்னால் எடைக்கட்டு எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். எடைக்கட்டு இல்லாததைத் தொடாதீர்கள், காற்றுக்குச் சாயும். வலை தனி.